மலை மருத்துவமனையின் அலமாரியில் எந்த ஹார்மோன் மருந்து இருக்க வேண்டும்?

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் ஆண்டுதோறும் கொள்முதல் பட்டியலைத் திருத்தி எழுதுவோம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியில் கூட்டம் நெடுநேரம் நின்றுவிட்டது. வைரஸ் தாக்கி நுரையீரல் கடுமையாகக் கெட்டு வருகிற நோயாளிக்கு, வேறு நோய்களுக்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஹார்மோன் மருந்துகளில் எதை நம்பி வாங்கி வைப்பது?

இளம் டாக்டர் ஒருவர் தைராய்டு ஹார்மோன் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளோடு வந்திருந்தார். இன்னொருவர் பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சொன்னார். மூத்த சிஸ்டர் மட்டும், "நம்மிடம் இருக்கிற டெக்ஸாவை உரிய ஆளுக்கு, உரிய நாளில், உரிய அளவில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் சார்" என்றார். அவர் சொன்னது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை. நான் சிஸ்டர் பக்கம். அதற்கான காரணங்களை மற்ற மலையூர் மருத்துவமனைக்காரர்களும், நோயாளிகளின் வீட்டாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில், நுரையீரலில் நடப்பது என்ன? வைரஸ் காற்றறைகளின் உட்சுவரைத் தாக்குகிறது. முதல் சில நாள்களில் கேடு விளைவிப்பது பெரும்பாலும் வைரஸ்தான். ஆனால் சிலருக்கு இரண்டாவது வாரம் நெருங்கும்போது உடலின் எதிர்ப்பாற்றலே அளவு மீறிப் போகிறது. இரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது, காற்றறைகளில் நீரும் புரதமும் நிரம்புகின்றன, ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக வழியில்லாமல் ஆகிறது. அந்தக் கட்டத்தில் வைரஸை மட்டும் அடித்துப் பயனில்லை. அழற்சியை அடக்க வேண்டும், தேங்கிய நீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ள உதவ வேண்டும். இந்த இரண்டு வேலைகளிலும் நம் உடலின் சொந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு என்பதால்தான் ஹார்மோன் மருந்துகள் பக்கம் ஆய்வாளர்களின் பார்வை திரும்பியது.

சிறுநீரகங்களின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவைதான் நாம் ஸ்டீராய்டு என்று பொதுவாகச் சொல்லும் மருந்துகள். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஹார்மோன்கள் பற்றிய பணிக்காக ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் ஆகிய மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1957-ல் டெக்ஸாமெத்தசோன் உருவாக்கப்பட்டது. அன்றிலிருந்து ஆஸ்துமா, ஒவ்வாமை, மூளை வீக்கம் என்று எத்தனையோ நோய்களுக்குப் பயன்பட்டு வருகிறது. குறைப்பிரசவம் ஆகும் நிலையில் இருக்கும் தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடைவதற்காக இதைத்தான் போடுகிறார்கள். 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு ஊசி. எனவே பிரசவ அறை உள்ள இடங்களில் இந்தக் குப்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு மலையூருக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

கொரோனாவுக்கு இது உதவும் என்பது ஊகத்தில் பிறந்த முடிவு அல்ல. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெகவரி ஆய்வில் 2,104 பேருக்கு டெக்ஸாமெத்தசோனும், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்றும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். அளவு நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாத பிரிவில் 41.4 சதவீதம், பெற்ற பிரிவில் 29.3 சதவீதம். வென்டிலேட்டர் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. 2020 ஜூன் 16-ல் முதல் முடிவு வெளிவந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி இந்திய சுகாதார அமைச்சகம் தன் சிகிச்சை நெறிமுறையில் இதைச் சேர்த்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர், ஆக்சிஜனில் இருப்பவர்களில் 25 பேருக்குக் கொடுத்தால் ஒரு உயிர் என்று ஆய்வாளர்கள் அன்று கணக்குச் சொன்னார்கள். சில ரூபாய்க் குப்பி ஒன்று இதைச் செய்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் அதே ஆய்வின் மூன்றாவது பிரிவைத்தான் மக்கள் படிப்பதே இல்லை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்காதவர்களில் 14 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பயன் இல்லை என்பதும் கெடுதல் இருக்கக்கூடும் என்பதும் தெளிவு. பின்னர் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாமலோ சாதாரண ஆக்சிஜனிலோ இருந்த நோயாளிகளுக்கு முதல் ஐந்து நாள் 20 மில்லிகிராம், அடுத்த ஐந்து நாள் 10 மில்லிகிராம் என்று கொடுத்ததில் இறப்பு 12 சதவீதத்திலிருந்து 19 ஆக ஏறியது. "நோய் கடுமை, இரட்டிப்பாகப் போடுங்கள்" என்று கேட்கும் வீட்டாருக்கு நான் காட்ட விரும்பும் எண் இதுதான்.

ஆக, டெக்ஸாவைத் தேர்ந்தெடுப்பது எளிது. அதை யாருக்குத் தருவது என்பதே கடினம், மலையில் அது இன்னும் கடினம்.

ஆக்சிஜன் தேவையா இல்லையா என்பதைப் பெரும்பாலும் விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் எண்ணை வைத்தே முடிவு செய்கிறோம். 94-க்குக் கீழே என்றால் கவலை, 90-க்குக் கீழே என்றால் கடுமை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். இவை சமவெளி மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒருவருக்கே அங்கே 94, 95 என்று காட்டினால் வியப்பில்லை. பல ஆண்டு பீடி பிடித்த முதியவருக்கு அவருடைய வழக்கமான எண்ணே அதற்கும் கீழே இருக்கலாம். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டர் அளவில், கூடலூர் 1,000 மீட்டர் அளவில் இருப்பதால், ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரே எண்ணுக்கு ஒரே பொருள் இல்லை. கொடைக்கானலில் இருப்பவர்களும் உதகைக்காரர்களைப் போலவே கணக்குப் போட வேண்டும்.

இது மலைக்காரர்கள் தாமாகக் கிளப்பும் பேச்சு அல்ல. கடுமையான நுரையீரல் செயலிழப்பை வரையறுக்கும் பெர்லின் வரையறையே, 1,000 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களில் ஆக்சிஜன் விகிதத்தை (இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனுக்கும் உள்ளிழுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) அந்த ஊரின் காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 90 என்ற எல்லையை மாறாத கோடாகப் பிடித்துக்கொள்ளாமல் மருத்துவர் தம் மதிப்பீட்டோடு பார்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது.

அதனால் எண்ணோடு வேறு சிலவற்றையும் பார்த்தாக வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு எத்தனை முறை ஓடுகிறது? ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாரா? வார்டுக்குள் சிறிது தூரம் நடக்க வைத்தால் எண் எவ்வளவு இறங்குகிறது? அதோடு விரலையும் கவனிக்க வேண்டும். மார்கழிப் பனியில், கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்து உட்காரும் அம்மாவின் விரல்கள் ஐஸ் போல் இருக்கும். நுனி விரலில் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் கருவி தடுமாறும். 86 காட்டும், 91 காட்டும், பிறகு கோடுகள் மட்டும் ஓடும். எங்கள் சிஸ்டர் அவர் கைகளைத் தம் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்து, வெந்நீர்ப் பாட்டிலைப் பிடிக்கக் கொடுத்து, பிறகே கருவியை மாட்டுவார். எண் ஓரிடத்தில் நிலைத்து, அலை ஒழுங்காக வரும்வரை எழுதமாட்டார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. 93 என்று பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

அடுத்தது நாள் கணக்கு. ரெகவரி ஆய்வில் தெளிவான பயன் தெரிந்தது, அறிகுறி தொடங்கி ஒரு வாரத்தைத் தாண்டியவர்களிடம். வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் முதல் நாள்களில் எதிர்ப்பாற்றலை அடக்குவது கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். ஆனால் "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால் "நாலைந்து நாள் இருக்கும்" என்ற பதில்தான் வரும். தோட்டத் தொழிலாளியிடம் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். சம்பளப் பட்டுவாடா அன்று காய்ச்சல் இருந்ததா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனீர்களா? கடைசியாக எந்தக் கிழமை முழுநாள் கொழுந்து எடுத்தீர்கள்? இப்படிக் கேட்டால் சரியான தேதி வந்துவிடும். அந்தத் தேதியைச் சீட்டின் தலைப்பில் எழுதுவது எந்த விலையுயர்ந்த பரிசோதனைக்கும் குறைந்தது அல்ல.

ஸ்டீராய்டுகளுக்குள்ளேயே எது என்றும் பேசினோம். 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனுக்கு இணையானவை ஏறத்தாழ 160 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், 32 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன், 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். இந்தக் கணக்கின்படி ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்றைத் தரலாம். 2020 செப்டம்பரில் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உயிருக்குப் போராடும் நிலையில் இருந்த 1,703 பேரில், ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அதற்குப் பிறகே உலக சுகாதார நிறுவனம் கடுமையான நோயாளிகளுக்கு உறுதியான பரிந்துரை தந்தது, லேசான நோயாளிகளுக்கு வேண்டாம் என்றது.

அப்படியானால் டெக்ஸாவுக்கு என்ன தனிச் சிறப்பு? நாளுக்கு ஒரே முறை. உடலில் அதன் விளைவு ஒன்றரை நாளுக்கும் மேல் நிற்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோனை ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தூளைக் கரைத்துப் போட வேண்டும். இரவுப் பணியில் ஒரே நர்ஸ் இருக்கும் வார்டில் ஒரு நேர ஊசி தவறினால் தெரியவே தெரியாது. டெக்ஸா உப்பையும் நீரையும் உடலில் தேக்குவதும் மிகக் குறைவு. ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் நுரையீரலுக்கு அது நல்லது. எங்களிடம் வருவது மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள 2 மில்லி குப்பி. 6 மில்லிகிராம் என்றால் ஒன்றரை மில்லி. மீதி அரை மில்லியையும் "வீணாக்க வேண்டாம்" என்று சேர்த்து ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைத் தடுக்க, அளவைச் சிவப்பு மையில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

ஹைட்ரோகார்ட்டிசோனையும் கைவிடுவதற்கில்லை. இரத்த அழுத்தம் சரிந்து போகிறவருக்கு அதுதான் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே, டெக்ஸா நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும் என்பதால் ரெகவரி ஆய்விலேயே கர்ப்பிணிகளுக்குப் பிரெட்னிசோலோனோ ஹைட்ரோகார்ட்டிசோனோ கொடுத்தார்கள். மெத்தில்பிரெட்னிசோலோன் நுரையீரலில் நன்றாகப் பரவும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள், ஆனால் பிரேசிலில் நடந்த ஆய்வில் மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. மூன்றையும் வாங்கி வைத்து, அவசரத்தில் அளவு மாறிப் போவதைவிட இரண்டோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி இளம் டாக்டர் கொண்டுவந்த தைராய்டு ஹார்மோன். இதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. படித்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். டி3 எனப்படும் தைராய்டு ஹார்மோன், காற்றறையில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்களைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் சோடியத்தை வெளியே தள்ளும்போது தேங்கிய நீரும் அதன் பின்னால் போகிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது, டி3 நீரை வடிக்கிறது; இரண்டும் வெவ்வேறு வேலை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, நுரையீரல் செயலிழந்து மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு அந்தக் குழாய் வழியாகவே டி3 மருந்தைச் செலுத்தும் ஆய்வைத் தொடங்கியது. நுரையீரல் தழும்பேறிய எலிகளுக்கு டி3 மருந்தை மூச்சில் இழுக்கும் நுண்துளிகளாகக் கொடுத்துக் குணம் கண்ட யேல் பல்கலைக்கழக ஆய்வும் உண்டு.

இத்தனை இருந்தும் எங்கள் அலமாரிக்கு வேண்டாம் என்றேன். உயிர் காக்கிறது என்று பல்லாயிரம் பேரிடம் நிறுவிய ஆய்வு இதற்கு இல்லை. மூச்சுக்குழாய் வழியே செலுத்த வேண்டுமானால் நோயாளி வென்டிலேட்டரில் இருக்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவரை நாங்கள் கீழே அனுப்பிவிடுவோம். இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு. தைராய்டு மாத்திரை பல வீடுகளில் இருக்கிறது. "தைராய்டு மருந்து நுரையீரலுக்கு நல்லதாம்" என்று ஒரு வரி பரவினால் போதும், மூச்சுத் திணறலோடு இருக்கும் மாமியாருக்கு மருமகளின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பது டி4 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோன். ஆய்வில் இருப்பது டி3. மிகுதியானால் இரண்டுமே இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்; ஆக்சிஜன் குறைந்திருக்கும் இதயத்துக்கு அது ஆபத்து.

பாலியல் ஹார்மோன்களின் கதை வேறு. கொரோனாவில் ஆண்கள் கூடுதலாக இறந்ததைப் பார்த்து இரண்டு வழிகளில் முயன்றார்கள்: பெண் ஹார்மோனைக் கொடுப்பது, ஆண் ஹார்மோனை அடக்குவது. லாஸ் ஏஞ்சலஸில் 40 ஆண்களிடம் நடந்த சிறிய ஆய்வில், நாளுக்கு இரண்டு முறை 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனை ஐந்து நாள் தோலுக்கடியில் செலுத்தியதில் நோய்நிலை சற்று மேம்பட்டது. 40 பேரை வைத்து ஒரு மருத்துவமனையின் வழக்கத்தை மாற்ற முடியாது. ஆண் ஹார்மோனை அடக்கும் டெகரெலிக்ஸ் மருந்தை அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 96 பேரிடம் சோதித்தார்கள், பயன் இல்லை. குடல் ஹார்மோன் வகையைச் சேர்ந்த அவிப்டடில் பெரிய நம்பிக்கையோடு வந்தது. முறையான பெரிய ஆய்வில் இறப்பு குறையவில்லை, ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. கோட்பாட்டில் அழகாகப் பொருந்திய மருந்து வார்டில் தோற்பது புதிதல்ல.

டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் இரண்டும் ஹார்மோன்கள் அல்ல, அளவு மீறிய எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு வகை மருந்துகள், ஆனால் கேள்வி வரும் என்பதால் சொல்கிறேன். இரண்டும் ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கும்போது கூடுதல் பயன் தந்தவை. ரெகவரி ஆய்வில் டோசிலிசுமாப் இறப்பை 35 சதவீதத்திலிருந்து 31 ஆகவும், பாரிசிட்டினிப் 14-லிருந்து 12 ஆகவும் குறைத்தன. முதலாவது கொரோனாக் காலத்தில் ஒரு குப்பி நாற்பதாயிரம் ரூபாய் அளவில் விற்றது. அதைக் கோவையில் உள்ள பெரிய மருத்துவமனைகளே வைத்திருக்கட்டும்.

அடுத்து, மலைக்காரர்களுக்கு மட்டுமே உரிய தேர்வு ஒன்று உண்டு. வைத்துப் பார்ப்பதா, கீழே இறக்குவதா? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அங்கே உயரம் 325 மீட்டர் அளவுதான். இறங்க இறங்கக் காற்றிலேயே ஆக்சிஜன் அழுத்தம் கூடுகிறது என்பது நோயாளிக்குக் கிடைக்கும் இலவச மருந்து. ஆனால் அந்த வளைவுகளில் ஆம்புலன்ஸுக்குள் ஒருவர் மூச்சு நின்றுபோனால் செய்ய முடிவது மிகக் குறைவு. 2009 நவம்பரில் நிலச்சரிவு வந்தபோது நீலகிரியின் சாலைகள் துண்டிக்கப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆக்சிஜன் கணக்கையும் பாருங்கள். பெரிய டி வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வரும். அதிவேக மூக்குக்குழாயில் 60 லிட்டர் வீதம் சுத்த ஆக்சிஜன் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. ஆம்புலன்ஸில் இருக்கும் சிறிய பி வகைச் சிலிண்டர் 1,500 லிட்டர். 10 லிட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம். மழையில் மரம் விழுந்து வண்டி நின்றால் அந்த இரண்டரை மணி நேரமே எல்லை. ஆகவே 10 லிட்டரிலும் மூச்சு அடங்காதவரை இருட்டும்வரை வைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. டாக்டர் முடிவெடுத்துவிட்டால் முதல் டெக்ஸா ஊசியை இங்கேயே போட்டுவிட்டு, நேரத்தையும் அளவையும் சீட்டில் பெரிதாக எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால் கீழே இன்னொரு முறை போடுவார்கள், அல்லது போட்டாகிவிட்டது என்று நினைத்துப் போடாமலே விடுவார்கள்.

டெக்ஸாவின் கேடுகளைச் சொல்லாமல் அதைப் பரிந்துரைத்தால் அது பாதி உண்மைதான். இரத்தச் சர்க்கரை ஏறும். இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ஏறும். 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் நாடு முழுவதும் பரவியதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடல் முழுவதும் பரவி உயிரையே பறிக்கும். இதற்குத்தான் ஐவர்மெக்டின். கொரோனாவுக்கு அது பயனற்றது, இந்தப் புழுவுக்கு அது உயிர்காக்கும் மருந்து. பழைய காசநோயையும் கேட்டறிய வேண்டும்.

இந்த மாவட்டத்தில் மறக்கவே கூடாத ஒன்று, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் இரத்தசோகை. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-ல். கூடலூர், பந்தலூர் பக்கம் இது இன்றும் அன்றாடச் சிக்கல். இந்த நோய் உள்ளவருக்கு நெஞ்சுச் சளியும் மூச்சுத் திணறலும் வந்தால், அது வைரஸ் நிமோனியாவாகவும் இருக்கலாம், அரிவாள் செல்களால் வரும் நுரையீரல் நெருக்கடியாகவும் இருக்கலாம். ஸ்டீராய்டு அவருக்குக் கடும் வலியைத் தூண்டக்கூடும். நிறுத்தியதும் வலி திரும்ப வந்து மீண்டும் சேர்க்க நேரும். ஊசி போடும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை செய்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். "அட்டை இருக்கிறதா?" என்ற கேள்வி எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இனி அச்சாகவே வரும்.

ஆக்சிஜன் தேவைப்படும் எல்லா வைரஸ் நிமோனியாவுக்கும் டெக்ஸா என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன வெற்றிக் கணக்கு கொரோனாவுக்கு உரியது. இன்ஃப்ளுவென்சாவில், பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் வகை உட்பட, ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததையே பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. கடுமையாக இருந்தவர்களுக்கே அதைக் கொடுத்திருப்பார்கள் என்ற வாதம் நியாயமானது. ஆனாலும் ஆஸ்துமா போன்ற வேறு காரணம் இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்பதே வழிகாட்டு நெறிகளின் நிலை. பிரான்சில் 800 பேரிடம் நடந்த ஆய்வில் ஹைட்ரோகார்ட்டிசோன் கடும் நிமோனியா இறப்பை 11.9 சதவீதத்திலிருந்து 6.2 ஆகக் குறைத்தது உண்மை. அந்த ஆய்வில் இன்ஃப்ளுவென்சா நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. எனவே எந்த வைரஸ் என்று தெரிவதற்கு முன்னால் குப்பியை உடைப்பது தவறு. கொரோனா, இன்ஃப்ளுவென்சா இரண்டையும் பிரித்துக் காட்டும் துரிதப் பரிசோதனைக் கருவிகளுக்கும், இன்ஃப்ளுவென்சாவுக்கான 75 மில்லிகிராம் ஓசெல்டாமிவிர் மாத்திரைகளுக்கும் பணம் ஒதுக்கச் சொன்னேன். டி3 மருந்துக்குக் கேட்ட தொகையை இதற்குத் திருப்பிவிட்டோம். இளம் டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

முடிவில் பட்டியலில் ஏறியவை: டெக்ஸாமெத்தசோன் குப்பிகள், அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் ஹைட்ரோகார்ட்டிசோன், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள், இன்சுலின், ஐவர்மெக்டின், ஓசெல்டாமிவிர், பரிசோதனைக் கருவிகள். தைராய்டு ஹார்மோனும் புரோஜெஸ்டிரோனும் அவற்றின் பழைய வேலைகளுக்கு மட்டும். பெரிய ஆய்வின் முடிவு வந்தால் அடுத்த ஆண்டு மறுபடி பேசுவோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நோயாளி வீடு திரும்பும்போது "மீதி நாளுக்கு" என்று டெக்ஸா மாத்திரை கட்டித் தரும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். ரெகவரி ஆய்வில் பத்து நாள் முடிந்தாலோ, அதற்கு முன்பே வீட்டுக்குப் போனாலோ மருந்து நின்றுவிடும். கடையில் கிடைக்கும் சின்னஞ்சிறு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். மிச்சமானால் அது அலமாரியில் தங்கி, அடுத்த காய்ச்சலின் முதல் நாளே யாரோ ஒரு குழந்தைக்கோ தாத்தாவுக்கோ போய்ச் சேரும். வேறு நோய்க்காக ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் விலக்கு. அவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் அவர்களுடைய சீட்டில் டாக்டர் தனியாக எழுதிக் கையெழுத்திடுவார். மற்ற எவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் டெக்ஸா என்று இருந்தால் மருந்து தராமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை எனக்குக் கேட்டேன், குழு கொடுத்திருக்கிறது.